மறைத்துக் காட்டிய தூரிகை: சத்யஜித் ரே

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நீளும் அத்தடத்தின் இருமருங்கிலும் எழுந்த மதில்கள், பல பத்தாண்டுகள் தமிழ்த் திரையுலகின் திறந்தவெளி ஏடுகளாகவே விளங்கின. நள்ளிரவில் ஏணியும் பசை வாளியுமாக வரும் தொழிலாளர் ஒட்டிச் செல்லும் வண்ணத்தாள், விடியலில் வேலைக்குச் செல்வோர் கண்ணில் படும், மழையில் ஊறும், பசையின் சுவைக்காக மாடு அதனைக் கிழித்துத் தின்னும், அடுத்த படம் வந்ததும் அதன்மேல் வேறொரு தாள் ஏறும். ஓடும் வண்டியிலிருந்து நோக்குபவருக்கு அத்தாள் வாய்ப்பதோ சில நொடிகள் மட்டுமே.

அந்தச் சில நொடிகளில் குடும்பப் படத்தின் சுவரொட்டி தன் கதை முழுவதையும் கொட்டிவிடலாம், எவருக்கும் இழப்பில்லை. மர்மப் படத்தின் சுவரொட்டிக்கு அந்த உரிமை கிடையாது. ஏதோ நிகழ்ந்துவிட்டது என்று அது சொல்லியாக வேண்டும். என்ன நிகழ்ந்தது என்று சொல்லிவிடவும் கூடாது. கொலையாளியின் முகத்தில் ஓவியர் ஒரு கோடு கூடுதலாக இழுத்துவிட்டால், ஈராண்டு உழைத்து எடுத்த படம் அரங்கின் வாயிலிலேயே முடிந்துவிடும். ஒன்றுமே சொல்லாமல் விட்டாலோ சீட்டு வாங்க ஆள் வராது. சொல்லுக்கும் மௌனத்திற்கும் இடையே நிற்கும் இந்த நெருக்கடி கவிஞர்க்குப் புதிதன்று. அதனைத் தம் வாழ்நாள் முழுதும் தூரிகையிலும் படப்பெட்டியிலும் ஒருங்கே சந்தித்தவர் சத்யஜித் ரே. துப்பறியும் கதையைத் தாமே எழுதி, அதற்குத் தாமே படம் வரைந்து, பின்னர் தாமே திரைப்படமாக இயக்கி, அதன் விளம்பரத்தையும் தம் கையாலேயே தீட்டியவர் அவர். உலகம் அவரைத் திரை இயக்குநராக அறியும். அவருடைய முதல் தொழில் ஓவியம். அதிலும் விளம்பர ஓவியம்.

கல்கத்தாவின் கர்ப்பார் சாலை 100ஆம் எண் இல்லத்தில் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அவர் பிறந்தார். அது வெறும் இல்லமன்று. அச்சகத்தோடு கூடிய இல்லம். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் எழுத்தாளர், ஓவியர், இசை வல்லுநர். ஒளிப்படங்களைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையை இந்தியாவில் வளர்த்தெடுத்த முன்னோடியும் அவரே. அத்துறை பற்றிய அவருடைய கட்டுரைகள் இங்கிலாந்தின் அச்சுத்தொழில் ஏட்டில் வெளிவந்தன. சிறுவர்க்கென 1913இல் அவர் தொடங்கிய இதழ் ‘சந்தேஷ்’. தந்தையார் சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பியவர். வங்கக் குழந்தைகள் இன்றளவும் மனப்பாடமாகச் சொல்லும் வேடிக்கைக் கவிதைகளை எழுதியவர். கவிதையும் அச்சு மையும் ஒரே கூரையின்கீழ் மணந்த வீடு அது.

அந்த வீடு நிலைக்கவில்லை. சுகுமார் ராய் காலா அசார் என்னும் காய்ச்சலால் 1923 செப்டம்பரில் தம் 35ஆம் வயதில் மறைந்தார். மகனுக்கு அப்போது இரண்டரை வயதும் நிறையவில்லை. தந்தையின் புகழ்பெற்ற கவிதை நூலான ‘ஆபோல் தாபோல்’ அச்சாகி வெளிவந்தது அவர் மறைந்த சில நாட்களுக்குப் பின்னரே. சில ஆண்டுகளில் அச்சகம் நொடித்தது. இல்லமும் கைவிட்டுப் போயிற்று. தாய் சுப்ரபா சிறுவனை அழைத்துக்கொண்டு பவானிப்பூரில் இருந்த தம் உடன்பிறந்தாரின் இல்லத்தை அடைந்தார். கைத்தொழில் கற்பிக்கும் ஆசிரியையாகி மகனை வளர்த்தார். அச்சு இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுப் பிறந்த பிள்ளைக்கு அவ்வோசை நினைவாக மட்டுமே எஞ்சியது. பிற்காலத்தில் தாளின்மீதும் எழுத்தின் வடிவின்மீதும் அவர் கொண்ட தீராத பற்றுக்கு, இழந்துவிட்ட அந்த வீட்டையும் ஒரு வேராகக் கொள்வதில் பிழையில்லை.

மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சியில் பொருளியல் பயின்றபின், தாயின் விருப்பத்தை ஏற்று 1940இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் சேர்ந்தார். மேலைநாட்டு ஓவியத்திலும் இசையிலும் ஊறியிருந்த நகரத்து இளைஞருக்கு அங்கே வேறோர் உலகம் திறந்தது. நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகிய இரு ஆசான்களிடமிருந்து கோட்டின் சிக்கனத்தைக் கற்றார். கீழை ஆசியத் தூரிகை எழுத்தில் ஓர் இழுப்பே மலையாவதையும் பறவையாவதையும் கண்டார். அஜந்தா, எல்லோரா, எலிஃபண்டா ஆகிய இடங்களுக்கு மேற்கொண்ட பயணம் இந்தியக் கலையின்பால் அவர் கண்ணைத் திருப்பியது. எனினும் தாம் பெரிய ஓவியராக வரக்கூடியவர் அல்லர் என்ற முடிவுக்கும் அங்கேயே அவர் வந்தார். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின்மீது குண்டு வீசிய வேளையில், படிப்பை முடிக்காமலேயே ஊர் திரும்பினார்.

1943இல் டி.ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் இளநிலை விளம்பர ஓவியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 80 ரூபாய். கலைஞர்களிற் பலர் இத்தகைய பணியைச் சிறுமையாகக் கருதுவதுண்டு. ரே அதனை ஒரு பயிற்சிக்களமாக ஆக்கிக்கொண்டார். மலேரியா மாத்திரைக்கும் தேயிலைக்கும் விளம்பரம் தீட்டும்போது, கோலத்தை ஒத்த வங்கத்து ‘ஆல்பனா’க் கோடுகளையும் நாட்டுப்புற ஓவிய வடிவங்களையும் அவற்றினுள் கொண்டுவந்தார். ஒரு தாளில் எதைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது, எவ்விடத்தை வெறுமையாக விடுவது, நோக்குபவரின் கண் எங்கே புகுந்து எங்கே வெளியேறும் என்பனவெல்லாம் அங்கே அவர் கையில் படிந்தன. சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனத்தின் கலை இயக்குநராக உயர்ந்தார்.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய டி.கே. குப்தா 1943இல் சிக்னெட் பதிப்பகத்தைத் தொடங்கினார். புத்தக அட்டையை வடிவமைக்கும் முழு உரிமையையும் ரேயிடம் அவர் ஒப்படைத்தார். ஜீவனானந்த தாசின் ‘வனலதா சென்’ தொகுப்பும் நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வும் அவர் வரைந்த அட்டைகளோடு வெளிவந்தன. நம் பொருளுக்கு மிக நெருங்கியது, ஜிம் கார்பெட் எழுதிய குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் நூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு அவர் செய்த அட்டை. புலியையோ வேட்டைக்காரரையோ துப்பாக்கியையோ அவர் வரையவில்லை. அட்டை முழுவதையும் புலித்தோலின் வரிகளாக்கினார். முன்னட்டையில் குண்டு துளைத்து நுழைந்த சிறிய ஓட்டை. அதனுள் நூலின் பெயர். பின்னட்டையில் குண்டு வெளியேறிய பெரிய ஓட்டை, அதனுள் நூற்குறிப்பு. முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் இடையே அடங்கிய பக்கங்களே அப்புலியின் உடல். கையில் நூலை எடுத்துப் புரட்டுகின்றவர், தம்மை அறியாமலே ஒரு வேட்டையின் முடிவைத் தொட்டுவிடுகிறார். நிகழ்ச்சியைக் காட்டாமல் நிகழ்ச்சியின் தடத்தை மட்டும் காட்டி மற்றதைக் காண்பவரின் மனத்திற்கு விட்டுவிடும் இந்த உத்தி, மர்மப் படச் சுவரொட்டி தீட்டுவோர் எவர்க்கும் பாடமாகத் தக்கது.

சிக்னெட் பணியே அவரைத் திரைக்கும் இட்டுச்சென்றது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கிய பதிப்புக்குப் படம் வரையும்போது, அப்படங்கள் திரைக்காட்சிகளாகவே அவர் மனத்தில் நிலைகொண்டன. 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களோடு கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1950இல் அலுவலகப் பணியாக இலண்டன் சென்றபோது, தங்கியிருந்த சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார். டிசிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ அவருடைய ஐயத்தைத் தீர்த்தது. ஊர் திரும்பியபின் 1952 அக்டோபரில் நாணற்பூக்கள் வெளுத்து அசையும் வெளியொன்றில் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்து படம் நின்றது. மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. விளம்பர நிறுவனத்துச் சம்பளமே குடும்பத்தைக் காத்தது. மேற்கு வங்க அரசின் உதவியால் முடிவுற்ற அப்படம் 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு ஆண்டு கான் விழாவில் பரிசு பெற்றது.

அப்படம் முதற்கொண்டு தம் படங்களின் விளம்பரத்தைப் பிறர் கையில் அவர் விடவில்லை. செந்நிறத் துணியால் கட்டிய வணிகர்களின் கணக்குப் பேரேடுகளையே அவர் திரைக்கதைக் குறிப்பேடுகளாகப் பயன்படுத்தினார். அவற்றில் உரையாடலோடு உடையும், அரங்க அமைப்பும், இசைக்குறிப்பும், படத்தின் பெயரைப் பலவிதமாக எழுதிப் பார்த்த முயற்சிகளும், சுவரொட்டிக்கான சிறு வரைவுகளும் கலந்து கிடக்கும். படம் முடிந்தபின் விற்பனைக்காகத் தைக்கும் சட்டையாக அவர் சுவரொட்டியைக் கருதவில்லை என்பதற்கு அப்பேரேடுகளே சான்று. கதை கருவாகும்போதே அதன் முகமும் கூடவே உருவாயிற்று.

1960இல் வெளிவந்த ‘தேவி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருமகளைக் காளியின் அவதாரமென்று நம்பிவிட்ட மாமனாரால் ஓர் இளம்பெண்ணின் வாழ்வு சிதைவதே அப்படத்தின் கதை. சுவரொட்டியில் ஒரே முகம். ஒரு பாதி ஒளியில், மறுபாதி இருளில். தெய்வமா பெண்ணா என்னும் வினா மட்டுமே அங்கு உண்டு. விடை அரங்கினுள் இருக்கிறது. துப்பறியும் படமன்று அது. ஆயினும் மர்மப் படச் சுவரொட்டி செய்ய வேண்டிய வேலையை அது முழுமையாகச் செய்தது.

அதே காலத்தில் சென்னையில் வழக்கம் வேறாக இருந்தது. நாயகன், நாயகி, நகைச்சுவை நடிகர், நடனம், சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கிப் பல தாள்களை இணைத்து ஒட்டும் பெருஞ்சுவரொட்டிகளே மக்களை ஈர்த்தன. நெஞ்சை அள்ளும் வண்ணமும் கைத்திறனும் கொண்ட ஓவியர் பலர் அத்துறையில் உழைத்தனர். அவர்களது உழைப்பைக் குறைத்துப் பேச எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் எல்லாவற்றையும் காட்டுவதே அம்மரபின் இலக்கணமாதலால், மறைக்க வேண்டிய கதை வந்தபோது இடர்ப்பாடு நேர்ந்தது. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளையொட்டி நிகழும் ஒரு கொலை. அதனைப் பலர் பலவாறு உரைக்கும் கதை. பாட்டைச் சொல்லிக் கூட்டம் சேர்க்கும் வழி அடைபட்டிருந்த அப்படத்திற்கு, இன்று உள்ள பெருமை அன்று கிடைக்கவில்லை. கதையின் புதுமைக்கு ஏற்ற காணும் பழக்கம் மக்களிடையே வளர்வதற்குச் சுவரொட்டியும் துணை நிற்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

துப்பறியும் கதையுலகில் ரே புகுந்தது குழந்தைகளை முன்னிட்டு. பாட்டனாரும் தந்தையும் நடத்தி நின்றுபோன ‘சந்தேஷ்’ இதழை 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினார். நொடித்துப்போன வீட்டின் ஒரு விளக்கையேனும் ஏற்றிவிட வேண்டுமென்ற வேட்கையை அச்செயலில் காணலாம். இதழின் பக்கங்களை நிரப்பவே கதை எழுதத் தொடங்கினார். 1965இல் அதில் பிறந்தவர்தாம் ஃபெலூதா என்னும் துப்பறிவாளர். அக்கதைகளுக்குப் படமும், நூலான பின் அட்டையும் ரே தீட்டியவை.

திரையில் அவர் முதலில் தொட்ட மர்மக்கதை தம்முடையதன்று. சரதிந்து பந்தோபாத்யாயரின் பியோம்கேஷ் கதையொன்றை ‘சிடியாகானா’ என்ற பெயரில் உத்தம் குமாரைக் கொண்டு 1967இல் எடுத்தார். தம் உதவியாளர்களுக்காக ஏற்றுக்கொண்ட பணி அது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தும் அவருக்கு அப்படம் நிறைவளிக்கவில்லை. குற்றவாளி யார் என்பதை இறுதிவரை ஒளித்துவைத்து, முடிவில் அனைவரையும் அமர்த்தி நெடுநேரம் விளக்கிச் சொல்லும் முறை ஏட்டில் இனிக்கலாம். திரையில் அது கனத்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

எனவே 1974இல் ‘சோனார் கெல்லா’வைப் படமாக்கியபோது தம் நாவலைத் தாமே மாற்றினார். முற்பிறப்பில் கண்ட பொற்கோட்டையை நினைவுகூரும் முகுல் என்னும் சிறுவன். அவனை இராஜஸ்தானத்திற்கு அழைத்துச் செல்லும் மருத்துவர். புதையலுக்காகப் பின்தொடரும் இரு வஞ்சகர். நாவலில் பின்னர் வெளிப்படும் வஞ்சகரைப் படத்தில் தொடக்கத்திலேயே காண்போருக்குக் காட்டிவிட்டார். யார் என்ற வினா அகன்றது. அறியாச் சிறுவனை ஃபெலூதா எப்படிக் காப்பார் என்ற பதைப்பு அவ்விடத்தை நிரப்பியது. விளம்பரம் தீட்டுவோர்க்கும் இம்மாற்றம் பெரிய விடுதலை. ஒரு முகத்தை ஒளிக்க வேண்டிய கவலை நீங்கி, ஒரு பயணத்தை அழைப்பாக விடுக்கும் வாய்ப்புப் பிறந்தது. மணல்வெளி, ஒட்டகம், மஞ்சட்கல்லால் எழுந்த ஜெய்சால்மர் கோட்டை ஆகிய அனைத்தையும் காட்டலாம், கதை கெடாது. எதை மறைப்பது என்று கதையிலேயே தெளிவாக முடிவு செய்துவிட்டால் சுவரொட்டியில் தடுமாற்றம் நேராது என்பது இதனால் விளங்கும். 1979இல் காசியைக் களமாகக் கொண்டு வந்த ‘ஜோய் பாபா ஃபெலூநாத்’ படத்திலும் மகன்லால் மேக்ராஜ் என்னும் தீயவன் மறைபொருள் அல்லன். அவனோடு நிகழும் மோதலே கதை.

அதே ‘சோனார் கெல்லா’வில் ஜடாயு என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர் ஒருவரையும் ரே படைத்தார். மயிர்க்கூச்செறியும் தலைப்புகளும் நம்ப இயலாத வீரச்செயல்களும் நிறைந்த மலிவு நாவல்களை எழுதிக் குவிப்பவர் அவர், வெள்ளை மனத்தினர். பரபரப்பை விற்கும் எழுத்தைக் கேலி செய்யும் உருவமாயினும், வங்க வாசகர் மிகுதியும் நேசித்த பாத்திரம் அது. பரபரப்பை ரே வெறுக்கவில்லை. அது தேவையான அளவைத் தாண்டும்போது சிரித்தார், அவ்வளவே.

எழுத்தின் வடிவம் அவருடைய தனிக்காதல். ‘ஏக்ஷண்’ என்னும் இலக்கிய இதழின் பெயர் வங்க லிபியில் மூன்றே எழுத்து. அம்மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதழுக்கு இதழ் வேறுவேறு அட்டைகளைப் பல ஆண்டுகள் படைத்தார். ஃபெலூதாவாக நடித்த சௌமித்ர சட்டர்ஜி அவ்விதழின் ஆசிரியர்களுள் ஒருவர். ஆங்கில எழுத்துருக்களையும் ரே வரைந்தார். ‘ரே ரோமன்’, ‘ரே பிசார்’ ஆகியவை 1971இல் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றன. படத்தின் பெயரை எழுதும் எழுத்தே அப்படத்தின் மனநிலையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட நெறி. முகம் வரைய இடமில்லாத சிறு விளம்பரத்திலும் எழுத்து பேசும் அல்லவா? தமிழ் இலக்கிய அன்பர்கள் நாள்தோறும் காணும் சாகித்ய அகாதெமியின் சின்னமும் அவர் வரைந்ததே.

தமிழ்நாட்டோடு அவருக்கு இருந்த உறவு பாலசரஸ்வதி வழியானது. 1935இல் கல்கத்தாவில் சிறுவனாக அவரது ஆடலைக் கண்டு வியந்த ரே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவரைப் பற்றி ‘பாலா’ என்ற செய்திப்படத்தை 1976இல் எடுத்தார். கடற்கரைக் காற்றில் சேலை படபடக்க அக்கலைஞர் அபிநயம் பிடிக்கும் காட்சி அப்படத்தில் உண்டு. காற்றை அவர் தடுக்கவுமில்லை, ஒளிக்கவுமில்லை. ஆடலின் பகுதியாக ஏற்றுக்கொண்டார்.

1983இல் நேர்ந்த மாரடைப்பு அவரை முடக்கியது. வெளியில் சென்று படமெடுக்க மருத்துவர் தடை விதித்த ஆண்டுகளிலும் வரைவதும் எழுதுவதும் நின்றபாடில்லை. 1992 மார்ச்சில் ஆஸ்கார் கௌரவ விருது மருத்துவமனைப் படுக்கையைத் தேடி வந்தது; பாரத ரத்னா விருதும் அதே ஆண்டில் அளிக்கப்பெற்றது. 1992 ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருடைய படங்கள் பழுதுபார்க்கப்பட்டு உலகெங்கும் காப்பகங்களில் வாழ்கின்றன. சுவரொட்டிகளின் கதி அதுவன்று. ஒட்டுவதற்கென அச்சானவை ஒட்டப்பட்டுக் கிழிந்தன. எஞ்சியவை சிலரது சேகரிப்பில் உள்ளன. தாம்பரத்து மதிலாயினும் கல்கத்தாவின் தெருவாயினும் தாளுக்கு ஆயுள் ஒன்றே. அதனை நன்கறிந்தும், சில வாரங்களில் மறையப்போகும் ஒரு தாளுக்காக ஒரே எழுத்தைப் பத்து முறை எழுதிப் பார்த்தவர் ரே. நொடித்துப்போன அச்சகத்து வாரிசாகப் பிறந்து, மாதச் சம்பளத்திற்கு விளம்பரம் வரைந்து கற்ற தொழிலை, புகழின் உச்சியிலும் அவர் கீழானதாக எண்ணி விலக்கவில்லை. சொல்லாமல் விடுவதற்கும் உழைப்பு வேண்டும் என்பதற்கு அச்செந்நிறப் பேரேடுகளின் பக்கங்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன.